பச்சோந்தி வளக்கிற வீட்டுக்காரருக்கு: சூட்டையும் ஈரத்தையும் ஒரே நேரத்தில குடுக்காதேங்கோ

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு வணக்கம்,

நான் ஸ்கார்பரோவில கனகாலமா இருக்கிறன், உங்கட பேப்பரைக் கிழமைக்குக் கிழமை மரக்கறிக் கடையில எடுத்து வாசிக்கிறனான், ஆனா கடிதம் எழுதிறது இதுதான் முதல்தரம். நத்தார் நெருங்குது, பிள்ளையள் செல்லப்பிராணி கேட்டு அரியண்டப்படுத்திற காலம், இப்ப எங்கட ஆக்கள்ர வீடுகளிலயும் நாய் பூனையைத் தாண்டி பச்சோந்தி வரத் தொடங்கியிட்டுது, எனக்குத் தெரிஞ்ச வட்டத்திலயே மூண்டு வீட்டில இருக்கு. மூண்டு வீட்டிலயும் போய்ப் பாத்தன், மூண்டிலயும் ஒரே பிழை. நானும் முதல்ல செய்தது அந்தப் பிழைதான், அதால ஒரு உயிர் போனது, அதைச் சொல்லத்தான் எழுதுறன்.

மகளுக்கு ஒன்பது வயசாகேக்க ஒரு வெய்ல்ட் கமீலியன் வாங்கிக் குடுத்தனான். தலையில கொண்டை மாதிரி உயர்ந்து நிக்குமே, அந்த இனம், யேமனும் சவுதியின்ர தென்மேற்குப் பக்கமும்தான் அதின்ர சொந்த இடம். பெண் பச்சோந்தி, மகள் மரகதம் எண்டு பேர் வச்சா. கடையில கண்ணாடிப் பெட்டி, 100 வாட் பல்ப், இரவுக்கு எண்டு சிவப்பு பல்ப் ஒண்டு, ஸ்ப்ரே போத்தல், சூட்டையும் ஈரத்தையும் காட்டுற, கண்ணாடியில ஒட்டுற முள்ளு மீட்டர் ரெண்டு, எல்லாம் ஒரு செட்டாத் தந்தினம். இது காட்டில வாழுற சாமான், எந்நேரமும் சூடாவும் ஈரமாவும் வச்சிருங்கோ, நாளுக்கு நாலைஞ்சு தரம் தண்ணி அடியுங்கோ எண்டு சொல்லி அனுப்பினவை. கடைக்காரர் தெரியாமச் சொல்லமாட்டினம் எண்டு நம்பி அப்பிடியே செய்தன், வேலைக்குப் போக முதல் ஒருக்கா, மனிசி மத்தியானம் ஒருக்கா, மகள் பள்ளிக்கூடத்தால வந்து ரெண்டுதரம்.

தை மாசம் கண்ணாடியெல்லாம் வேர்த்து வழிஞ்சு கொண்டிருந்தது, பெட்டியைத் திறந்தா காயாத துணி நாத்தம் வரும், நான் அதைக் காட்டு மணம் எண்டு நினைச்சன். மாசி நடுவில மரகதம் தலையை மேல தூக்கி வாயைத் திறந்து வச்சுக்கொண்டு இருக்கத் தொடங்கினா, கிட்டப் போய்க் காது குடுத்தா மூச்சு விடேக்க டிக் டிக் எண்டு சின்னச் சத்தம் கேக்கும், வாயோரத்தில நுரை மாதிரி. ஊர்வன பாக்கிற மிருக வைத்தியரிட்டக் கொண்டு போனம், நுரையீரல்ல கிருமி எண்டு எக்ஸ்ரே எடுத்துச் சொன்னவர், ஊசி மருந்து தந்தவர், பதினோராம் நாள் செத்துப்போச்சு. மகள் அண்டைக்குப் பள்ளிக்கூடம் போகேல்லை. வைத்தியர் என்னட்டக் கேட்ட முதல் கேள்வி, இரவில பெட்டிக்குள்ள எத்தனை டிகிரி, எத்தனை வீதம் ஈரம் எண்டு. எனக்கு ரெண்டுக்கும் பதில் தெரியேல்லை.

அதுக்குப் பிறகுதான் உக்காந்து படிச்சன். யேமன் எண்டா வெறும் பாலைவனம் எண்டுதான் நாங்கள் நினைக்கிறம், ஆனா உந்தப் பச்சோந்தி வாழுறது தாயிஸ், இப் மாதிரியான மேற்கு மலைப் பக்கங்களிலயும் பள்ளத்தாக்குகளிலயும், அந்த இப் எண்ட ஊர்ப் பக்கம் அரேபியாவிலயே மழை கூடின இடங்களில ஒண்டு. அங்க பகல் வெயில் நல்லா அடிக்கும், காத்தும் காய்ஞ்சிருக்கும், பொழுது பட்டா மலை குளிர்ந்து சாமத்தில புகாரும் பனியும் இறங்கி விடிய இலையெல்லாம் நனைஞ்சிருக்கும். எங்கட ஆக்களுக்கு இது விளங்காத விசயமில்லை. ஊரில மார்கழி தையில விடியக்காலமை வேலிக் கிடுகில பனி சொட்டும், வாழையிலையில தண்ணி உருண்டு நிக்கும், ஏழு எட்டு மணிக்கு வெயில் ஏற ஓணான் கதியால் மரத்தில ஏறி விலாவைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு இருக்கும், பத்து மணிக்கு எல்லாம் காய்ஞ்சிடும். பச்சோந்திப் பெட்டிக்குள்ள வரவேண்டியது அந்தக் காலநிலைதான். (எங்கட தீவின்ர உலர் வலயத்திலயும் ஒரு பச்சோந்தி இனம் இருக்கு, இந்தியாவிலயும் அதே இனம், ஆனா நாங்கள் சின்னனில ஓணானைத்தான் பச்சோந்தி எண்டு கூப்பிட்டனாங்கள்.)

செக் நாட்டு ஊர்வன ஆய்வாளர் பெட்ர் நெச்சாஸ் காட்டில பாத்ததை வச்சுக் கனகாலமா இதைத்தான் சொல்லிக்கொண்டு வாறார், பச்சோந்தி குடிக்கிற தண்ணியில பெரிய பங்கு இரவில மூச்சோட உள்ள போற ஈரக் காத்தும் விடிய இலையில நிக்கிற பனித்துளியும்தான் எண்டு. பகல் முழுக்க நனைச்சு வைக்கிறதும், இரவும் பகலும் சூடாக்கி வைக்கிறதும் அதுக்கு நேர்மாறு. சூடும் ஈரமும் காத்தோட்டம் இல்லாத ஒரு பெட்டிக்குள்ள ஒண்டு சேர்ந்தா பூஞ்சணமும் கிருமியும் வளர வேற ஒண்டும் தேவையில்லை. மரகதத்துக்கு நடந்தது அதுதான்.

இப்ப கணக்குக்கு வாறன், வளந்த ஆண் வெய்ல்ட் ஒண்டுக்கு நான் வச்சிருக்கிற கணக்கு இது. வெயில் காயிற கொப்பில 29, மிஞ்சினா 30 டிகிரி, பெண்ணுக்கும் குஞ்சுக்கும் 27 போதும். கூட்டின்ர மற்ற இடமெல்லாம் 22க்கும் 25க்கும் இடையில, கீழ போகப் போகக் குளிர்ச்சியா இருக்கோணும், ஏனெண்டால் அது தனக்கு வேண்டிய சூட்டைத் தானே ஏறி இறங்கித் தேடுற சீவன், ஒரே சூடா வச்சா அதுக்குப் போக்கிடம் இல்லை. இரவில 16க்கும் 19க்கும் இடையில, ஒரு லைட்டும் இல்லாம நல்ல இருட்டு, அந்தச் சிவப்பு பல்ப் நித்திரையைக் கெடுக்கிறதைத் தவிர வேற ஒண்டும் செய்யாது. ஈரம் பகலில 30இல இருந்து 50 வீதம், இரவில 80க்கு மேல, 100 வந்தாலும் பறவாயில்லை, குளிரா இருக்கேக்க மட்டும்.

பெண்ணுக்குச் சூட்டைக் குறைக்கச் சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு. பெண் வெய்ல்ட் ஆண் இல்லாமலே முட்டை போடும், சூடும் சாப்பாடும் கூடக் கூட முட்டையும் கூடும், ஒரே தரத்தில ஐம்பது அறுபது போட்டு உடம்பு உடைஞ்சு போற கதை நிறைய இருக்கு. கடையில ஆண் பெண் எண்ட வித்தியாசமே எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.

ரொறொன்ரோ குளிர்காலத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லோணும், இங்கதான் கன பேர் தடுமாறுகினம். வெளியில மைனஸ் 10 டிகிரியில இருக்கிற காத்து ஒரு கன மீட்டருக்கு இரண்டரை கிராம் தண்ணிகூடப் பிடிச்சு வைக்காது, அந்தக் காத்து வீட்டுக்குள்ள வந்து ஹீட்டிங்கில 21 டிகிரிக்குச் சூடாகினா 18 கிராம் வரைக்கும் பிடிக்கக்கூடியதா மாறுது, ஆனா உள்ள இருக்கிறது அதே இரண்டரைதான், அதால ஈரம் 15 வீதத்துக்கும் கீழ போயிடும், சமையலும் குளிப்பும் சேர்ந்துதான் கொஞ்சம் ஏத்தி விடுது. மீட்டர்ல 20 எண்டு பாத்த உடன பயந்து போய் எல்லாரும் ஸ்ப்ரே போத்தலைத் தூக்குறது, பெட்டியை மூடிக் கட்டுறது. இதே கணக்கை மறுபக்கமாப் பாருங்கோ, 25 டிகிரியில 45 வீதம் ஈரம் இருக்கிற காத்தை ஒரு சொட்டுத் தண்ணியும் சேர்க்காம 16 டிகிரிக்குக் குளிரவிட்டா ஈரம் தானாவே 75 வீதத்தைத் தாண்டியிடும். அப்ப இரவு ஈரத்துக்குப் பாதி வேலையைக் குளிர்தான் செய்யுது. ஸ்ப்ரே போத்தலைத் தொட முதல் அறையைக் குளிரவிடுங்கோ.

நான் செய்யிறது, கூடு இருக்கிற அறையின்ர ஹீட்டிங் வென்டை இரவு பத்து மணிக்கு மூடி விடுவன், கதவையும் சாத்தி விடுவன், விடிய அறை 17இல நிக்கும். சாமம் ஒரு மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும் ஃபாகர் (தண்ணியைப் புகார் மாதிரிப் புகையா விடுற மெசின்) டைமரில ஓடும், டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான் ஊத்துறது, கிழமைக்கு ஒருக்கா வினாகிரி போட்டுக் கழுவாட்டி அந்தப் புகையோட கிருமியையும் சேர்த்து மூச்சுக்குள்ள அனுப்புறம். அறை 20 டிகிரிக்குக் கீழ இறங்காட்டி ஃபாகரைப் போடாதேங்கோ, அது திருப்பியும் சூடும் ஈரமும்தான். பேந்து லைட் பத்த முதல் ரெண்டு நிமிசம் தண்ணித் தூறல், லைட் அணைஞ்சாப்பிறகு ரெண்டு நிமிசம், அவ்வளவும்தான். பகலில கூடு காயோணும்.

கூடு வலைக்கூடு, ரெண்டடிக்கு ரெண்டடி, உயரம் நாலடி. குளிர்காலத்தில மூண்டு பக்கத்துக்கும் தெளிவான பிளாஸ்டிக் ஷீட் போட்டு முன்பக்கத்தையும் மேல்பக்கத்தையும் திறந்து விடுறன், கீழ முன்னால காத்து உள்ள வந்து பல்ப் சூட்டில மேல ஏறி வெளிய போகும், ஆடி ஆவணியில இங்க காத்தே ஈரமா இருக்கும், அப்ப ஷீட்டைக் கழட்டி விடுவன். உள்ளுக்கு மணி பிளான்டும் செவ்வரத்தையும். செவ்வரத்தைப் பூவை அது ஆசையாச் சாப்பிடும்.

இப்ப இருக்கிறவருக்குச் சுட்டி எண்டு பேர், ஆண். விடிய ஏழரைக்கு நான் தேத்தண்ணியோட கூட்டுக்கு முன்னால இருப்பன். இலை நுனி ஒவ்வொண்டிலயும் ஒரு சொட்டு தொங்கும், அவர் மண்ணிறத்தில கறுத்துப் போய் ஒரு கொப்பில ஒட்டிக்கொண்டிருப்பார், ஒரு கண் என்னில, மற்றக் கண் பல்பில. மெல்ல ஆடி ஆடி இலைக்குக் கிட்ட வந்து நாக்கு நுனியால சொட்டை எடுப்பார், ஒண்டு, ரெண்டு, பிறகு வாயை இலையில வச்சு இழுப்பார். பேந்து மேல ஏறி உடம்பைத் தட்டையாக்கி ஒரு விலாவைச் சூட்டுக்குக் காட்டுவார், அந்தப் பக்கம் கறுப்பாவும் மற்றப் பக்கம் பச்சையாவும் கொஞ்சநேரம் இருக்கும், அரை மணித்தியாலத்தில முழு உடம்பும் பச்சை, அதோட பல்பை விட்டு இறங்கியிடுவார். அவர் இறங்குறதுதான் எனக்குச் சூடு சரி எண்டதுக்கு அடையாளம். நாள் முழுக்கப் பல்புக்குக் கீழயே கறுத்துப் போய் இருந்தா சூடு காணாது, கீழ இலைக்குள்ள வெளிறிப் போய் வாயைத் திறந்துகொண்டு இருந்தா கூடிப்போச்சு.

பல்பின்ர சூட்டை அளக்கிற இடமும் முக்கியம். கொப்பில இல்லை, அது கொப்பில இருக்கேக்க கொண்டையும் முதுகும் எந்த உயரத்தில வருமோ அந்த உயரத்தில மீட்டர் வயரின்ர நுனியை (புரோப்) வச்சு அளவுங்கோ. வலைக்கு மேல நேரா பல்பை வச்சா அது வலையைப் பிடிச்சுத் தொங்கிக் கொண்டையைச் சுட்டுக்கொள்ளும், எரியிறது அதுக்கு உடன தெரியவும் மாட்டுது. யுவிபி டியூப் (வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிரைக் குடுக்கிறது) வேற, சூட்டு பல்ப் வேற, ரெண்டும் வேணும், ஜன்னல் கண்ணாடிக்குள்ளால வாற வெயில்ல யுவிபி இல்லை.

மீட்டரைப் பற்றிச் சொல்லாம விட்டா இந்தக் கடிதமே வீண். கடையில தந்த முள்ளு மீட்டரை மரகதம் போனாப்பிறகு ஒருநாள் சோதிச்சுப் பாத்தன். சோடா மூடிக்குள்ள கறி உப்பைப் போட்டு நாலைஞ்சு சொட்டுத் தண்ணி விடோணும், உப்புக் கரையக் கூடாது, ஈர மணல் மாதிரி இருக்கோணும், அதையும் மீட்டரையும் ஒரு ஸிப்லொக் பாக்குக்குள்ள காத்துப் போகாம மூடி ஒரு இரவு வச்சா உள்ளுக்கு ஈரம் 75 வீதத்தில நிக்கும், இது உப்பின்ர இயல்பு, மாறாது. விடியப் பாத்தா முள்ளு 52இல நிக்குது. அப்ப நான் அந்தக் குளிர்காலம் முழுக்கப் பகலில பாத்து 60 எண்டு நம்பினது உண்மையில 80க்கு மேல, அதுவும் 29 டிகிரிச் சூட்டில. இப்ப புரோப் வச்ச டிஜிட்டல் மீட்டர் ரெண்டு, மேல ஒண்டு கீழ ஒண்டு, ஆறு மாசத்துக்கு ஒருக்கா உப்புப் பரீட்சை.

வேற இனம் வச்சிருக்கிற ஆக்கள் இந்தக் கணக்கை அப்பிடியே எடுக்காதேங்கோ. பாந்தர் எண்ட இனம் மடகாஸ்கரின்ர வடக்கு, கிழக்குக் கரையோரத்துச் சீவன், மூண்டு கொம்பு ஜாக்சன் கென்யா மலைக்குளிரில வாழுறது, அதுக்கு வெய்ல்டுக்குக் குடுக்கிற சூடே கூடிப்போயிடும், இரவும் நல்லாக் குளிரோணும். ஆனா பகலில காயவிட்டு இரவில குளிரவச்சு ஈரம் குடுக்கிறது எல்லாத்துக்கும் பொருந்தும்.

தண்ணி காணுதோ இல்லையோ எண்டு பாக்க, எச்சத்தோட வாற வெள்ளைக் கட்டியைப் பாருங்கோ, வெள்ளையா இருந்தா சரி, நல்லாச் செம்மஞ்சளா இருந்து கண்ணும் உள்ள போயிருந்தா தண்ணி காணாது. வாய் திறந்து தலை தூக்கி மூச்சு விட்டா அண்டைக்கே வைத்தியரிட்ட ஓடுங்கோ, நான் ஒன்பது நாள் பாத்துக்கொண்டு இருந்தனான்.

ஆசிரியரிட்ட என்ர வேண்டுகோள் ஒண்டுதான். நத்தாருக்கு முதல் வாற பேப்பரில இந்தக் கடிதத்தைப் போட்டு விடுங்கோ, இடம் காணாட்டி மற்றதெல்லாத்தையும் வெட்டிப்போட்டு அந்தச் சூட்டுக் கணக்கையும் உப்புப் பரீட்சையையும் மட்டுமாவது போடுங்கோ. வாங்கப் போற அம்மா அப்பாமார் கடைக்குள்ள நிண்டு, பகல் எத்தனை, இரவு எத்தனை, ஈரம் எத்தனை எண்டு மூண்டு கேள்வியும் கேளுங்கோ, மூண்டுக்கும் இலக்கமாப் பதில் சொல்லாத கடையில அண்டைக்கு ஒண்டும் வாங்காமத் திரும்பி வாங்கோ. கூட்டை முதல் வாங்கி, சீவன் இல்லாம ரெண்டு கிழமை ஓட விட்டு, விடியவும் மத்தியானமும் சாமத்திலயும் மீட்டரைக் கொப்பியில எழுதிப் பாத்து, இலக்கம் சரியா வந்தாப்பிறகு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ. என்ர மகள் இப்பவும் அந்தக் கொப்பியை எழுதுறா, நேற்றுச் சாமம் 17 டிகிரி, 91 வீதம்.

இப்படிக்கு,
ஸ்கார்பரோ வாசகன் ஒருவன்