படத்தை விடு, அட்டவணையைக் கேள்

அன்பு கண்ணம்மா,

நீ அனுப்பிய மூன்று ரிட்ரீட் (சில நாள் தங்கி ஓய்வெடுக்கும் முகாம்) விவரங்களையும் படித்தேன். மூன்றிலும் அதே குளக்கரை, அதே மூங்கில் கூரை, கண்மூடி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். இதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. மூன்று பேரிடமும் ஒன்றே ஒன்று கேள்: காலை எழுவதிலிருந்து இரவு விளக்கணைக்கும் வரை ஒரு நாள் எப்படிப் போகும் என்று மணிவாரியாக எழுதி அனுப்பச் சொல். மழுப்புகிற இடத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடு.

உனக்கு வேண்டியது தூக்கமும் ஓய்வும் என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் அதில் ஒன்றான 10 நாள் விபாசனா, அதாவது மௌன தியான முகாம், இப்போது வேண்டாம். அங்கே விடிகாலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள், ஒரு நாளைக்குச் சுமார் 10 மணி நேரம் தியானத்தில் உட்கார வேண்டும், முதல் 9 நாள் யாரோடும் பேச்சில்லை. நல்ல பயிற்சிதான், ஆனால் கடும் உழைப்பு. மனப்பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ சிகிச்சையில் இருப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இவ்வளவு நீண்ட மௌனத்தில் இறங்கவே கூடாது. அடங்கிக் கிடந்ததைச் சிலருக்கு அது கிளறிவிடும்.

இன்னொன்று "மூன்றே நாளில் முழு பஞ்சகர்மா" என்கிறது. பஞ்சகர்மா என்பது உடலைச் சுத்தம் செய்யும் ஆயுர்வேத சிகிச்சை, அதில் உடலைப் பதப்படுத்தவே சில நாள் போகும். பிறகு சிகிச்சை, அதன்பின் பழைய உணவுக்குப் படிப்படியாகத் திரும்பும் நாட்கள். மூன்று நாளில் கிடைப்பது எண்ணெய்த் தேய்ப்பு. சுகமாகத்தான் இருக்கும், பெயர்தான் பெரிது.

சேர்க்கும் முன் உடல்நிலை, சாப்பிடும் மாத்திரை, கர்ப்பம் பற்றிப் படிவம் நிரப்பச் சொல்கிறார்களா என்று பார். அதைக்கூடக் கேட்காதவர்கள் உபவாசமோ நீராவிக் குளியலோ நடத்தினால் பயப்பட வேண்டும். 2009-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்த ஒரு முகாமில், சூடேற்றிய வியர்வைக் குடிலுக்குள் இருந்தவர்களில் 3 பேர் இறந்துபோனார்கள். நடத்தியவருக்கு 2011-ல் தண்டனை கிடைத்தது. யார் என்ன சொன்னாலும் தலை சுற்றினால் எழுந்து வெளியே வா. அனுமதி கேட்டு நிற்காதே.

"வரும்போது எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டு வாருங்கள்" என்றால் அந்த இடமே வேண்டாம். உன் தைராய்டு மாத்திரையை வழக்கம்போல வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு போடு. அவர்கள் தரும் கஷாயம் ஒரு மணி நேரமாவது கழித்துத்தான். மாத்திரையை டப்பாவில் கொட்டிக்கொண்டு போகாமல் அட்டையோடும் மருந்துச் சீட்டோடும் எடுத்துப் போ, 3 நாளுக்குக் கூடுதலாக.

இனி காபி. பலருக்கு ரிட்ரீட் கெட்டுப்போவது இதனால்தான். நாளுக்கு 3 கப் குடிக்கிறவள் போன அன்றே நிறுத்தினால், கடைசிக் கப்புக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி ஆரம்பிக்கும், ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும், சிலருக்கு ஒரு வாரம் தாண்டியும் இழுக்கும். சின்ன முகாம் என்றால் முழுக்க நெற்றியைப் பிடித்துக்கொண்டே கழியும். கேட்டால் "நச்சு வெளியேறுகிறது" என்பார்கள். வெறும் காபி அது. கிளம்ப 10 நாள் இருக்கும்போதே ஆரம்பி: 3 நாள் 2 கப், 3 நாள் 1 கப், 3 நாள் அரைக் கப், கடைசி நாள் ஒன்றுமில்லை. அதே 10 நாளும் இரவு கால் மணி நேரம், கால் மணி நேரமாக முன்னால் தூங்கப் போ.

தரையில் உட்காரவும் பழகு. கம்பளியைத் தடியாக மடித்து இடுப்புக்குக் கீழே வை. முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருந்தால் முதுகு தானாக நிமிரும். 10 நிமிடத்தில் தொடங்கி 30 வரை கொண்டு போ. கால் மரத்துப்போனால் மாற்றி உட்கார், நரம்பு அழுந்துகிறது, அவ்வளவுதான். முழங்கால் வலித்தால் நாற்காலி கேள். நல்ல இடத்தில் தருவார்கள்.

எண்ணெய்க் கறை போகாது, பழைய பருத்தி உடைகளாக எடுத்துக்கொள். கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம், கண்ணாடி போதும். போனை வாங்கி வைத்துவிட்டால் ஓடிபி எதுவும் பார்க்க முடியாது, அந்த வாரம் கட்ட வேண்டியதையெல்லாம் முன்பே கட்டிவிடு.

திரும்பிய மறுநாளே வேலைக்கு ஓடாதே, ஒரு நாள் லீவு சேர்த்துப் போடு. அட்டவணை வந்ததும் எனக்கும் அனுப்பு, அவர்கள் அலுவலக நம்பரையும் சேர்த்து.

அப்பா