நுழைவுச்சீட்டு இல்லாத திருமலை

ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் வாரப் பதிப்பில், நாங்கள் திருமலை என்று சுருக்கிச் சொல்லும் திருகோணமலையில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஒரு பக்கம் வந்திருந்தது. கோணேசர் கோயில், நிலாவெளிக் கடற்கரை, புறாத்தீவு, கன்னியா வெந்நீர்க் கிணறுகள், திமிங்கிலம் பார்க்கப் படகு. எல்லாம் சரிதான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் காலையில் வான் வண்டியிலிருந்து இறங்கி மாலையில் அதே வண்டியில் ஏறிப் போய்விடுகிறார்கள். ஊர் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. ஊரில் இருக்கிற எங்கள் கண்ணிலும் முக்கால்வாசி படுவதில்லை. அதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

நான் மட்டக்களப்பில் பிறந்து இங்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புகுந்த ஊரைத் துருவிப் பார்ப்பது மருமக்களின் சுபாவம். என் மச்சாள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். மாலையில் இருவரும் நடக்கப் போவோம். நான் எதையாவது காட்டினால், "உங்கட கண்ணுக்கு மட்டும் எப்பிடி மச்சாள் இதெல்லாம் தெரியுது?" என்பார். பிறகு வீட்டுக்குப் போய், தானே கண்டுபிடித்ததுபோல அண்ணருக்குச் சொல்வார். அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை.

கோட்டை வாசலையே எடுத்துக்கொள்ளுங்கள். கோணேசரைக் கும்பிடப் போகிற எவரும் பிரட்றிக் கோட்டை வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். தாண்டும்போது எல்லோருடைய கண்ணும் உள்ளே மேயும் புள்ளிமான்களைத்தான் தேடும். வாசலின் நிலைக்கல்லில் இரட்டைக் கயல் செதுக்கியிருக்கிறது, அதோடு தமிழ் எழுத்தும் இருக்கிறது. "முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று போகிற பாட்டின் துண்டு அது. குளக்கோட்டன் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் அரசன், பறங்கி என்பது போர்த்துக்கேயர். முழுப் பாட்டையும் ஊர்ப் பெரியவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். கல்லில் எஞ்சியிருப்பது சிதைந்த சில எழுத்துகள் மட்டுமே. போர்த்துக்கேயர் 1620களில் மலைக்கோயிலை இடித்து, அந்தக் கல்லையும் கொண்டு கட்டத் தொடங்கியதுதான் இந்தக் கோட்டை. பிறகு ஒல்லாந்தர் கைக்குப் போய், ஆங்கிலேயர் கைக்கு வந்து, அவர்கள் இளவரசர் ஒருவரின் பெயரையும் வாங்கிக்கொண்டது. கோயிலை உடைத்த கதையைச் சொல்லும் கல், கோயிலை விழுங்கிய கோட்டையின் வாசலிலேயே நிற்கிறது. பாட்டு இடிக்க முன்னர் பாடியதா, இடித்த பின்னர் பாடியதா என்று படித்தவர்கள் சண்டை பிடிக்கட்டும். நாங்கள் ஓட்டோவை நிறுத்தி ஒரு நிமிடம் பார்த்தால் என்ன? மான் எங்கேயும் ஓடிவிடாது. கடைவாசலில் வாழைப்பழத் தோலுக்கு நிற்கிற மான்கள் அவை.

இடிபட்ட கோயிலின் விக்கிரகங்கள் சில 1950இல் வெளிவந்தன. நகரசபை ஆட்கள் கிணறு வெட்டும்போது, மண்வெட்டியில் தட்டுப்பட்டது சோழர் காலத்து வெண்கலம். 1963இல் புதுக் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தபோது அந்த மூர்த்திகள் திரும்பவும் மலைக்குப் போனார்கள். எங்கள் தெருவில் யார் கிணறு வெட்டினாலும் மச்சாள் போய் எட்டிப் பார்ப்பார். இதுவரைக்கும் தண்ணீர்தான் வந்தது.

எஸ்பிளனேட் மயானம் இன்னொன்று. பழைய ஆங்கிலேயர் கல்லறைகள் உள்ள இடம். பக்கத்தில் மைதானம், அங்கே பெடியன்கள் பந்து விளையாடுவார்கள். உள்ளே கிடக்கிற ஒருவர் சார்ள்ஸ் ஒஸ்டின், கடற்படைத் தளபதி. இரண்டாம் பர்மியப் போரின்போது 1852இல் ஐராவதி ஆற்றில் கப்பலில் இறந்து, இங்கே கொண்டுவந்து அடக்கப்பட்டவர். அவர் யார் என்றால், ஜேன் ஒஸ்டினின் தம்பி. ஆங்கில இலக்கியம் படிக்கிற எங்கள் பிள்ளைகள் அந்த அம்மாவின் நாவலுக்குக் குறிப்பு எழுதி எழுதிக் கை நோகிறார்கள். கூடப்பிறந்தவர் கூப்பிடு தூரத்தில் படுத்திருப்பதை ஒருவரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

அதைவிட எனக்குப் பிடித்தவர் மோல்ஸ்வேர்த் என்ற பட்டாள அதிகாரி. 1867இல் கொழும்பில் பிறந்தவர், 1908இல் திருகோணமலையில் 41ஆவது வயதில் இறந்தவர். பகலில் படை வேலை, இரவில் தொலைநோக்கி. 1901இல் வியாழனில் ஒரு பெரிய குழப்பத்தை, அதன் தென்பாதியில் உள்ள தென் அயனப் பட்டையில் தோன்றிய ஒரு கறுப்பு மாற்றத்தை, முதலில் கண்டவர் இவர். கண்டது எங்கள் ஊர் வானத்தில். இதில் இடத்துக்கும் பங்குண்டு. அந்த ஆண்டுகளில் வியாழன் தென்வானத்தில் சஞ்சரித்தது. இங்கிலாந்தில் இருந்தவர்களுக்கு அது அடிவானத்தை ஒட்டிக் கலங்கலாகத் தெரிய, பூமத்தியரேகைக்குக் கிட்ட இருக்கிற திருமலைக்கு நன்றாக மேலேறி வந்தது. செவ்வாயில் ஒரு பெருங்குழிக்கு இன்று அவர் பெயர். திருகோணமலையில் ஒரு முடுக்குக்கும் அந்தப் பெயர் இல்லை. வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஆனால் இரவில் மின்சாரம் நின்றுபோகும்போது பிள்ளைகளை முற்றத்துக்குக் கூட்டிவந்து வியாழனைக் காட்டிச் சொல்ல இது நல்ல கதை. என் மகன் கேட்டான், "அப்ப அவர் எங்கட வீட்டுப் பக்கத்திலயா நிண்டு பாத்தவர்?" என்று. ஓம் என்று சொல்லிவிட்டேன். பெரிய தூரமாக இருக்காது.

நாவல் என்றதும் இன்னொன்று. தமிழில் நாவல் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் இந்தச் சின்னத் துறைமுகப் பட்டினம் இரண்டு பேரைத் தந்திருக்கிறது. 1891இல் 'ஊசோன் பாலந்தை கதை' எழுதிய இன்னாசித்தம்பி ஒருவர். 1895இல் 'மோகனாங்கி' எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை மற்றவர். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அறிஞர்கள் சொல்வது இந்த மோகனாங்கியைத்தான். சரவணமுத்துப்பிள்ளை சென்னையில் மாநிலக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவர். அவருடைய தமையன் கனகசுந்தரம்பிள்ளையும் பெரிய தமிழறிஞர். பெண்கள் படிக்கவேண்டும், விரும்பியவரைக் கட்டவேண்டும் என்று 1892இலேயே 'தத்தைவிடு தூது' பாடியவர் தம்பி. நான் இதை என் மாமியாரிடம் சொன்னேன். "அந்தக் காலத்திலயே பாடிப்போட்டாரே, பிறகேன் எங்கட அப்பா என்னைக் கேக்காமக் கட்டிவைச்சவர்?" என்றார். மாமா பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். உங்கள் பேப்பர்தான்.

சரித்திரம் போதும். சாப்பாட்டுக்கு வருகிறேன்.

கிண்ணியாவுக்குப் பாலம் வந்தது 2009இல். அதுவரை வாகனத்தோடு படகுப்பாதையில் ஏறிக் காத்துக்கிடந்து போகவேண்டும். இப்போது வேலை முடித்து வந்தும் போய்த் திரும்பலாம். அந்தப் பக்கத்து எருமைத் தயிரை ஒருமுறை சட்டியோடு வாங்கிப் பாருங்கள். சட்டியைக் கவிழ்த்தாலும் விழக்கூடாது, அதுதான் எங்கள் வீட்டுச் சோதனை. (சோதனையைச் சமையலறைக்குள் செய்யுங்கள், பாலத்தில் வேண்டாம்.) மட்டக்களப்பாளுக்குத் தயிரைப்பற்றி இன்னொரு ஊரைப் புகழ்ந்து எழுதுவது இலேசான காரியமில்லை என்பதை உங்கள் வாசகர்கள் கவனிக்கவேண்டும். வருகிற வழியில் தம்பலகாமத்துப் பக்கம் திரும்பினால் வயல்வெளிக்கு நடுவில் ஆதிகோணேசர் கோயில். கடலுக்கு மேலே பாறையில் நிற்கிற கோணேசரைப் பார்த்தவர்கள் வயலுக்குள் இருக்கிற கோணேசரையும் ஒருமுறை பார்க்கவேண்டும். கூட்டம் இல்லை. நெல் விளைகிற நாளில் போனால் அந்த மணமே போதும்.

கரைவலையைச் சொல்லாமல் விட்டால் மச்சாள் என்னோடு கதைக்கமாட்டார். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் எங்கள் கடல் குளம்போலக் கிடக்கும். விடிய உப்புவெளிப் பக்கமோ சல்லிப் பக்கமோ போனால் வலை இழுப்பதைக் காணலாம். இரண்டு கயிறு, இரண்டு வரிசை ஆள். இழுக்க இழுக்க இரண்டு வரிசையும் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டு வரும். வலையின் மடி கரைக்கு வந்ததும் கீரிமீன், பாரை, இடையில் ஏதாவது பெயர் தெரியாத நிறமீன். காகமும் பூனையும் நாங்களும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்ப்போம். அங்கேயே விலைபேசி வாங்கலாம். சுற்றுலா வந்தவர்கள் சிலர் பக்கத்து விடுதியில் இருந்து வந்து கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். மீனவர்கள் சிரிப்பார்கள், வேண்டாம் என்று சொல்வதில்லை. என்ன மீன் என்று கேட்டால் பெயரோடு எப்படிச் சமைப்பதென்றும் சொல்லித்தருவார்கள். கீரிமீனுக்குப் புளி கூடப் போடவேண்டும் என்று எனக்குச் சொன்னவர் வலை இழுத்தவர்தான். எங்கள் வீட்டில் இன்றும் அந்த அளவுதான்.

மாசியில் சிவராத்திரி கழிந்த நாள்களில் கோணேசர் மலையை விட்டு இறங்கி நகர்வலம் வருவார். வாசல் வாசலாக நிறைகுடம், தோரணம், கோலம். பிள்ளைகள் நித்திரை முழித்துக் காத்திருப்பார்கள். நான் புதுப்பெண்ணாய் வந்த வருடம், எங்கள் ஒழுங்கை முனையில் மேளச் சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடிவந்து, "அக்கா, சாமி எங்கட றோட்டுக்கு வாறார்" என்றாள், ஏதோ பெரியப்பா வருகிறமாதிரி. உங்கள் பட்டியலில் கோயில் இருந்தது. கோயில் தெருவுக்கு வருகிற இந்த நாள்கள் இல்லை.

இப்போது நான் கேட்கவந்தது. ஒன்று, கோட்டை வாசல் எழுத்துக்கும் எஸ்பிளனேட் மயானத்துக்கும் மூன்று மொழியிலும் ஒரு சிறு விளக்கப் பலகை வைக்கச் சொல்லி உங்கள் பத்திரிகை எழுதவேண்டும். வாசகி எழுதினால் கடிதம், ஆசிரியர் எழுதினால் தலையங்கம். மற்றது, வாரத்தில் ஒரு அரைப் பத்தியை ஊர்க்காரருக்கு ஒதுக்குங்கள். மூதூர், குச்சவெளி, கந்தளாய், வெருகல் என்று ஒவ்வொரு ஊரிலும் என்னைப்போல வேலைமெனக்கெட்டுப் பார்த்துத் திரிகிறவர்கள் இருப்பார்கள். வெருகல் வேலன் கோயில் திருவிழாவைப் பற்றி எழுத மச்சாள் இப்போதே கொப்பி வாங்கிவிட்டார். விளம்பரம் கூடி இடம் போதாத வாரங்களில் எங்களை வெட்டுங்கள், கோபிக்கமாட்டோம். இரண்டு வாரம் தொடர்ந்து வெட்டினால் மட்டும் மச்சாள் தொலைபேசி எடுப்பார்.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து வந்த மருமகள்,
திருகோணமலை.