டெல்லிப் பயணத்துக்குக் கணக்குப் போட வேண்டியது டிசம்பரில் அல்ல, அக்டோபரில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரையாண்டு விடுமுறை நெருங்கும்போது டெல்லி, ஆக்ரா போய்வருவது பற்றி நாளிதழ்களின் சுற்றுலாப் பக்கங்கள் ஆண்டுதோறும் எழுதுகின்றன. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பக்கம் டிசம்பர் இரண்டாம் வாரத்திலோ மூன்றாம் வாரத்திலோதான் அச்சாகிறது. சேலத்துக் குடும்பம் ஒன்றுக்கு அந்தப் பயணம் கைக்கு அடக்கமாக முடியுமா, கடனில் கொண்டுபோய் விடுமா என்பது அதற்கு ஒன்றரை மாதம் முன்பே முடிவாகிவிடுகிறது. இந்தக் கடிதம் அதைப் பற்றியதுதான்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. நான்கு மாதம் என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. 'போன மாதமே பார்த்தேன், ரயிலையே காட்டவில்லை' என்று விட்டுவிடுகிறார்கள். பயண நாளைச் சேர்க்காமல் 60 நாள் பின்னோக்கி எண்ண வேண்டும். டிசம்பர் 26 ரயிலுக்கு அக்டோபர் 27 காலை 8 மணிக்குப் பதிவு திறக்கும். ஜனவரி 1 அன்று டெல்லியிலிருந்து திரும்பும் ரயிலுக்கு நவம்பர் 2. இந்த இரண்டாவது தேதியில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். போகும் டிக்கெட் உறுதியான மகிழ்ச்சியில் ஆறு நாள் கழித்து வரும் திரும்பும் பதிவை மறந்துவிட்டு, ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் காத்திருப்புப் பட்டியல். புத்தாண்டு நேரத்தில் அது நகராது. கடைசியில் தட்கல் என்னும் கடைசி நேரப் பதிவு, அதுவும் கிடைக்காவிட்டால் நான்கு பேருக்கு விமானம். மொத்த பட்ஜெட்டும் அந்த ஒரு நாளில் குடைசாய்கிறது. இரண்டு தேதிகளையும் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். ரயில் டிக்கெட் எடுக்கும் ஐஆர்சிடிசி தளத்தின் கணக்கில் ஆதாரை இணைத்துச் சரிபார்ப்பதையும் முன்கூட்டியே முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பதிவு திறக்கும் வேளையில் டிக்கெட் எடுக்க முடியாது. 2025 ஜூலையிலிருந்து தட்கலுக்கும் இது கட்டாயம்.

தட்கலை நம்புகிறவர்களுக்கு ஒரு விளக்கம். கூடுதல் கட்டணம் என்னவோ ஸ்லீப்பருக்கு 200 ரூபாய்க்குள், மூன்றாம் ஏசிக்கு 400 ரூபாய்க்குள்தான். சிக்கல் கட்டணத்தில் இல்லை, இடம் கிடைப்பதில் இருக்கிறது. முந்தின நாள் காலை 10 மணிக்கு ஏசிக்கும் 11 மணிக்கு ஸ்லீப்பருக்கும் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது.

அக்டோபர் கடைசியில் பணம் கையில் இருக்க வேண்டும் என்றால், நம் ஊரில் அதற்கென்று ஒரு சிரமம் இருக்கிறது. வெள்ளிப் பட்டறையிலும் தறியிலும் சேகோ ஆலையிலும் வேலை செய்கிறவர்கள் சீட்டுப் பணத்தையும் தீபாவளி போனஸையும் வைத்துத்தான் இப்படிப்பட்ட பயணத்தைத் திட்டமிடுகிறார்கள். தீபாவளி சில ஆண்டுகளில் நவம்பருக்குப் போய்விடுகிறது; பதிவு திறக்கும் நாளில் போனஸ் வந்திருக்காது. சீட்டு எடுப்பவர்கள் டிசம்பர் ஏலத்துக்குக் காத்திருக்காமல் அக்டோபரில் எடுக்க வேண்டும். ஏலத்தில் கழியும் தள்ளு கொஞ்சம் கூடுதலாகப் போகும்தான். ஆனால் முன்கூட்டித் தேவைப்படுவது இருவழி டிக்கெட்டுக்கான தொகை மட்டும்தான். அறை, சாப்பாடு, நுழைவுக் கட்டணம் எல்லாம் பிறகு. ஆகவே முழுத் தொகைக்காகக் காத்திருக்காமல் டிக்கெட் பணத்தைத் தனியாக ஒதுக்கி வைப்பதே போதும்.

இனி ரயில். சேலத்திலிருந்து நேராக டெல்லி போக கேரளா எக்ஸ்பிரஸ் தினமும் இருக்கிறது. இரவில் ஏறினால் இரண்டு இரவும் ஒன்றரை நாளும் ஆகும். டெல்லியைத் தொடுவதற்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் முன்பே அது ஆக்ரா கன்டோன்மென்ட்டில் நிற்கிறது. நம்மவர்கள் அதைத் தாண்டி டெல்லி வரை போய், அங்கே அறை எடுத்து, இன்னொரு நாள் காரோ பேருந்தோ பிடித்து மறுபடி 200 கிலோமீட்டர் பின்னால் வந்து தாஜ்மகாலைப் பார்க்கிறார்கள். ஆக்ராவிலேயே இறங்கி, பார்த்துவிட்டு, அங்கிருந்து டெல்லிக்கு ஒருவழி டிக்கெட் எடுத்தால் ஒரு முழு நாளும் நான்கு பேரின் போக்குவரத்துச் செலவும் மிஞ்சும்.

ஆனால் எந்த இரவு ஏறுகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சேலத்தில் புதன் இரவு ஏறினால் வெள்ளியன்று ஆக்ராவில் நிற்போம். வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். டெல்லியில் செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், அக்ஷர்தாம், தாமரைக் கோயில் எல்லாவற்றுக்கும் திங்கள் விடுமுறை. சனி இரவு ஏறுவது எங்கள் பரிந்துரை. திங்கள் ஆக்ரா, செவ்வாய் முதல் வியாழன் வரை டெல்லி, வெள்ளி அன்று திரும்பும் ரயில். எந்தக் கதவும் மூடியிருக்காது. வேறு வழியின்றித் திங்களன்று டெல்லியில் இருக்க நேர்ந்தால், அன்றைக்குக் குதுப் மினாரையும் உமாயூன் கல்லறையையும் வைத்துக்கொள்ளலாம்.

டிசம்பர் கடைசியில் வட இந்தியா முழுக்க மூடுபனி. ரயில் மணிக்கணக்கில் தாமதமாகும். ஆக்ராவுக்குப் பிற்பகலில் போய்ச் சேர்ந்தால் அன்று தாஜ் கிடைக்காமல் போகலாம். சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பே மூடிவிடுவார்கள். அதனால் ஆக்ராவில் ஓர் இரவு அறைக்குக் கணக்கில் இடம் விடுங்கள். விடியற்காலையில் போனால் கூட்டம் இருக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். பனிக்காலத்தில் அது பலிக்காது, பத்தடிக்கு முன்னால் இருக்கும் மனிதரே தெரியாத வெண்மையில் பளிங்கு எங்கே தெரியப்போகிறது? வெயில் ஏறிய பிறகு போவதே நல்லது. ஏற்காட்டுக்குப் போட்டுப் போகும் ஸ்வெட்டர் அந்தக் குளிருக்குப் போதாது. குல்லாய், காலுறை, உள்ளே ஒரு தெர்மல் என்று ஆளுக்கு ஒரு தொகை ஒதுக்காவிட்டால், இறங்கிய முதல் மாலையே நடைபாதையில் கேட்ட விலைக்கு வாங்க வேண்டிவரும். பிள்ளைகளின் படிப்பு இடம் கொடுத்தால் செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறையே எல்லாவகையிலும் மேல்.

பிள்ளைகளுக்கான கணக்கு விரிவாகவே சொல்ல வேண்டியது, ஏனென்றால் ஒரே பிள்ளைக்கு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதி. ரயிலில் 5 வயதுக்குக் கீழே, தனிப் படுக்கை கேட்காவிட்டால், இலவசம். 5 முதல் 12 நிறைவதற்குள் இருக்கும் பிள்ளைக்குப் படுக்கை வேண்டுமென்றால் பெரியவர்களுக்கான முழுக் கட்டணம், வேண்டாமென்றால் பாதி. இதைப் பதிவு செய்யும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அரை டிக்கெட் எடுத்து மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். இரண்டு இரவு அம்மாவும் பிள்ளையும் ஒரே படுக்கையில் முடங்கி இறங்கினால், முதல் நாள் முழுக்க அறையில் தூங்கித்தான் கழியும். அந்த நாளின் வாடகை மிச்சத்தை விழுங்கிவிடும். தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமே இல்லை. பிறந்த தேதிக்குச் சான்றாக ஆதார் நகல் வைத்திருங்கள். மெட்ரோவில் வயது பார்ப்பதில்லை, உயரம்தான்: 90 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் முழு டிக்கெட். ஆக, பத்து வயதுப் பிள்ளை தாஜ்மகாலில் இலவசம், மெட்ரோவில் முழு ஆள், படுக்கை எடுத்தால் ரயிலிலும் முழு ஆள்.

முதியோர் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தாத்தா பாட்டிக்கும் முழுக் கட்டணமே போடுங்கள். ஆனால் கீழ்ப்படுக்கைக்கு அவர்களுக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது: ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயது. தனியாகவோ இருவராகவோ பதிவு செய்தால்தான் அது கிடைக்கும். குடும்பம் மொத்தத்தையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்தால் பாட்டிக்கு மேல்படுக்கை விழவும் வாய்ப்புண்டு.

நுழைவுக் கட்டணத்தை நினைத்துப் பயப்படுகிறவர்கள் பலர். தாஜ்மகாலுக்கு இந்தியர்களுக்கு 50 ரூபாய். உள்ளே கல்லறை மண்டபத்துக்குள் போக இன்னும் 200. ஆக்ரா கோட்டை 50. குதுப் மினார், உமாயூன் கல்லறை இரண்டும் ஆன்லைனில் தலா 35. கணவன், மனைவி இருவருக்கும் சேர்த்து 740 ரூபாய், பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. தாஜ் டிக்கெட் மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும். சாப்பாட்டுப் பொட்டலத்தை உள்ளே விடமாட்டார்கள், அதனால் அங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்று கட்டிக்கொண்டு போகாதீர்கள். இந்தியா கேட், தேசியப் போர் நினைவகம், ராஜ்காட், பங்களா சாகிப் குருத்வாரா எல்லாம் இலவசம். குருத்வாராவில் தலையை மறைக்க ஒரு கைக்குட்டை போதும், லங்கர் என்னும் பொதுச் சமையல்கூடத்தில் சாப்பாடும் உண்டு.

பணம் போவது நகருக்குள் நகர்வதில். டெல்லி மெட்ரோ 2025 ஆகஸ்ட் 25 முதல் குறைந்தது 11, அதிகம் 64 ரூபாய். 5 முதல் 12 கிலோமீட்டர் வரை 32, 12 முதல் 21 வரை 43. நான்கு பேர் ஒரு நாளில் 32 ரூபாய்ப் பயணம் மூன்று போனால் 384. மூன்று நாளில் 1,152. நினைவுச் சின்னங்களுக்கு ஆனதைவிட அதிகம். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்பது இதுதான். ஞாயிறுகளில் கட்டணம் சற்றுக் குறைவு. ஸ்மார்ட் கார்டுக்கு 10 விழுக்காடு தள்ளுபடி உண்டு, ஆனால் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். மூன்று நாளுக்காக நான்கு கார்டு வாங்குவது லாபமில்லை. செங்கோட்டைக்கு லால் கிலா நிலையம் வாசலருகே கொண்டுபோய் விடும். குதுப் மினாருக்கு அதே பெயரில் நிலையம் இருந்தாலும், அங்கிருந்து இன்னும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் போக வேண்டும். இடங்களை வரைபடத்தில் வடக்கு, தெற்கு என்று பிரித்து ஒரு பக்கத்தை ஒரே நாளில் முடித்தாலே பாதிச் செலவு குறையும்.

புதுடெல்லி நிலையத்துக்கு இரண்டு பக்கம். முதல் நடைமேடைப் பக்கம் பகார்கஞ்ச், 16ஆம் நடைமேடைப் பக்கம் அஜ்மேரி கேட், மெட்ரோ அங்கேதான். பகார்கஞ்ச் பக்கம் வெளியே வந்ததும், 'நீங்கள் பதிவு செய்த ஓட்டல் மூடிவிட்டது, அரசு சுற்றுலா அலுவலகத்துக்கு அழைத்துப் போகிறேன்' என்று ஒருவர் கூடவே நடப்பார். அந்த அலுவலகம் தனியார் கடை. நின்று பதில் சொல்லாமல் ஓட்டலுக்குப் போன் செய்துவிடுங்கள், அல்லது ப்ரீபெய்டு ஆட்டோ சாவடிக்குப் போங்கள். அறை வாடகையைக் கேட்கும்போது வரி சேர்த்தா, காலை எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள், கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு என்று மூன்றையும் கேளுங்கள். நண்பகலில் தொடங்கும் அறைக்கு விடியற்காலையில் போய் நின்றால் ஒரு நாள் வாடகை கூடும். பெட்டிகளை நிலையத்தின் பொருள் காப்பறையில் வைத்துவிட்டுச் சுற்றப் போகலாம். பூட்டுப் போடாத பையை அங்கே வாங்கமாட்டார்கள், சின்னப் பூட்டுகளை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

ரயில் சாப்பாட்டுக்கு: முதல் நாள் காலைக்கு மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, மதியத்துக்குப் புளிசாதம். எலுமிச்சை சாதமும் தேங்காய்ச் சட்னியும் வேண்டாம், விஜயவாடா வெயிலுக்குள் புளித்துவிடும். இரவுக்குச் சப்பாத்தியும் எண்ணெய் பிரியச் சுண்டிய தக்காளித் தொக்கும் தாங்கும். செட் போடாத, அதாவது நடுவில் சட்னியும் காய்த் துருவலும் வைக்காத, தட்டுவடை ஒரு டின் இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொரு நிலையத்திலும் கை நீட்டமாட்டார்கள். ரயில் நீர் ஒரு லிட்டர் 14 ரூபாய். கூடுதலாகக் கேட்டால் பில் கேளுங்கள்.

விமானம் மலிவாகத் தெரிகிறது என்பவர்களுக்கு: சேலத்திலிருந்து டெல்லிக்கு நேரடி விமானம் இல்லை. பெங்களூரு விமான நிலையம் நகரத்தைத் தாண்டி தேவனஹள்ளியில் இருக்கிறது. தொப்பூர், ஓசூர் நெரிசலையும் சுங்கச் சாவடிகளையும் வாடகைக் காரையும் சேர்த்துத்தான் டிக்கெட் விலையை ஒப்பிட வேண்டும். கோவை இதில் மேல். சேலம் பேருந்து அவிநாசி சாலையில்தான் போகிறது, சித்ரா நிறுத்தத்தில் இறங்கினால் விமான நிலையம் பக்கம்.

பழைய யூடியூப் வீடியோக்களின் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2025இல் மட்டும் ரயில் கட்டணம் ஜூலையிலும் டிசம்பரிலும் ஏறியது, நடுவில் மெட்ரோவும் ஏறியது. எல்லாம் கூட்டியபின் பத்தில் ஒரு பங்கைத் தனியாக வையுங்கள்; பனியால் ஒரு நாள் தங்க நேர்ந்தால் அது அந்த நாளுக்கு.

ஆசிரியர் அவர்களிடம் கேட்பது இதுதான். டிசம்பருக்கான சுற்றுலாப் பக்கத்தை அக்டோபர் இரண்டாம் வாரத்தில் வெளியிடுங்கள். கோடை விடுமுறைக்கானதைப் பிப்ரவரியில். ஒவ்வொரு ஊருக்கும் படத்துக்குக் கீழே ஒரு சிறு கட்டத்தில் வார விடுமுறை நாள், பிள்ளைகளுக்கான வயது விதி, முன்பதிவு திறக்கும் தேதி மூன்றும் இருக்கட்டும். திரும்பும் ரயிலின் தேதி அதில் தனி வரியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அம்மாப்பேட்டை வாசகர்கள்,
சேலம்.