பரண்ல கிடக்கிற இலவச லேப்டாப்ப எடைக்குப் போட்டுடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சதுல இருந்து கடைக்குக் கடை ஒரே பேச்சுதான், இந்த மெஷின் இனிமே ஆகாதுங்க, எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டு புதுசு எடுத்துக்கோங்கன்னு. விண்டோஸ் 11 போடணும்னா டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப் வேணும், இன்டெல்னா எட்டாவது தலைமுறை பிராசஸர் வேணும், அதாவது 2017க்கு முன்னாடி வாங்கின எதுவுமே பெரும்பாலும் அந்த லிஸ்ட்ல வராது. சரி, லிஸ்ட்ல வரலன்னா மெஷின் செத்துப்போச்சுன்னு அர்த்தமா? நான் தஞ்சாவூர் மாவட்டத்துல கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றவன். அரசாங்கம் குடுத்த இலவச லேப்டாப்புங்கதான் என் டேபிளுக்கு நிறைய வரும், விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்னு காசில்லாம கிடைக்கிற சிஸ்டத்தப் போட்டு அதுங்கள எப்படித் திரும்ப ஓட்டலாம்னுதான் இத எழுதுறேன்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னிக்கு ஆரம்பிச்ச திட்டம் அது. பிளஸ் டூ பசங்களுக்கும் காலேஜ் பசங்களுக்கும் லட்சக்கணக்குல குடுத்தாங்க. ஆரம்பத்துல வந்த மெஷின்கள்ல 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், கூடவே மத்திய அரசோட சிடாக் நிறுவனம் பண்ணின பாஸ் லினக்ஸ். அந்தப் பசங்க இப்ப வேலைக்குப் போயாச்சு, கல்யாணம் ஆயாச்சு, லேப்டாப் மட்டும் பழைய நோட்டுப் புத்தகத்தோட பரண்ல கிடக்கு. வீட்ல தம்பி பொண்ணோ அக்கா பையனோ ஒன்பதாவது பத்தாவது படிக்கிறப்ப தூசி தட்டி எடுத்துப் பாக்குறாங்க. ஆன் ஆகுது, ஆனா ஒரு வெப்சைட்டும் ஒழுங்கா திறக்க மாட்டேங்குது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஓட அப்டேட் நின்னுபோச்சு, குரோம் 109ஓட விண்டோஸ் 7ல நின்னுபோச்சு, அதுக்கப்புறம் வந்த சைட்டெல்லாம் இந்தப் பழைய பிரவுசர்ல பாதிதான் திறக்கும். உடனே லேப்டாப் போச்சுன்னு முடிவு பண்ணி எடைக்குப் போடறவங்க நிறைய பேரு. போனது சாப்ட்வேர், மெஷின் நல்லாத்தான் இருக்கு.

இதுல ஜனங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு, இத யாராவது முன்னாடியே எடுத்துச் சொல்லிருந்தா எத்தனையோ பேர் பணம் மிச்சமாகியிருக்கும். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட்ல மட்டும்தான் வந்தது, அதுக்கு 2 ஜிபிக்கு மேல ரேம் இருந்தாலும் பயன்படுத்திக்கத் தெரியாது, மைக்ரோசாப்டே அப்படி வரம்பு வச்சு வித்த எடிஷன் அது. ஆனா உள்ள இருக்கிற பிராசஸர் பெரும்பாலும் 64 பிட், அதாவது அதிக ரேமையும் கையாளத் தெரிஞ்ச வகை. ஸ்லோவா இருக்குன்னு சொன்னவங்களுக்கு யாரோ ரேம் போடச் சொல்லி, இவங்களும் காசு குடுத்து இன்னொரு 2 ஜிபி வாங்கிப் போட்டு, ஒரு வித்தியாசமும் தெரியாம ஏமாந்துபோய் மெஷினத் திட்டிட்டு மூட்டை கட்டி வச்சாங்க. அதே மெஷின்ல 64 பிட் லினக்ஸ் போட்டா அந்த 4 ஜிபியும் முழுசா வேலைக்கு வரும்.

இன்னொரு பக்கம், லினக்ஸ் போடலாம்னு கிளம்பறவங்களும் இதே எடத்துலதான் தடுக்கி விழறாங்க. விண்டோஸ்ல 32 பிட்னு காட்டுதேன்னு லினக்ஸ்லயும் 32 பிட் தேடறாங்க. அத இப்ப தேடி அலையறதே பெரும்பாடு, லினக்ஸ் வகைகள்ல ஒண்ணான உபுண்டு 2019லயே 32 பிட்ட விட்டுருச்சு, 2025 ஆகஸ்ட்ல வந்த இன்னொரு வகையான டெபியன் 13லயும் 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலர் கிடையாது. முதல்ல 64 பிட் லினக்ஸ் ஏத்தின பென் டிரைவ போட்டு பூட் பண்ணி, அதாவது அதுல இருந்தே மெஷின ஆன் பண்ணிப் பாருங்க, பிராசஸர் நெஜமாவே 32 பிட்னா அதுவே எரர் காட்டி நின்னுடும், ஒண்ணும் கெட்டுப்போகாது. அப்படி நின்னா மட்டும் ஆன்டிஎக்ஸ் 23 மாதிரி 32 பிட் இருக்கிறதுக்குப் போங்க. 4 ஜிபி ரேம் இருந்தா லினக்ஸ் மின்ட் எக்ஸ்எப்சிஇ, விண்டோஸ் பழகினவங்களுக்கு அதுதான் சுலபம், அதோட 22 வரிசைக்கு 2029 வரைக்கும் அப்டேட் வரும். 2 ஜிபிதான்னா லுபுண்டுன்னு ஒரு லேசான லினக்ஸ் போட்டு ஜிரேம்னு ஒண்ணு இருக்கு அதையும் ஆன் பண்ணிக்கணும், ரேம்ல இருக்கிறத சுருக்கி வச்சு எடம் மிச்சம் பண்ணும். 1 ஜிபி மெஷின வச்சுக்கிட்டு லினக்ஸ் போட்டா ராக்கெட் மாதிரி ஓடும்னு சொல்றவங்கள நம்பாதீங்க. லினக்ஸ் ஓடும், பிரவுசர் ஓடாது, இன்னிக்கு ரேம சாப்பிடறது பிரவுசர்தான். அந்த மாதிரி மெஷின டைப் அடிக்க, பாட்டு கேக்க வச்சுக்கலாம், அதுக்கு மேல ஆசைப்படக் கூடாது.

ரேம விட முக்கியம் ஹார்ட் டிஸ்க். பத்து வருஷத்துக்கு மேல ஓடின டிஸ்க் எந்த சிஸ்டம் போட்டாலும் இழுக்கத்தான் செய்யும், அத கழட்டிட்டு சின்னதா ஒரு சாட்டா எஸ்எஸ்டி, அதாவது சுத்தாத வேகமான டிஸ்க் போட்டா ஆன் பண்ண ரெண்டு மூணு நிமிஷம் எடுத்துக்கிட்டது அர நிமிஷத்துல வந்து நிக்கும். எஸ்எஸ்டியும் ஒரு பழைய டிடிஆர்3 ரேமும் சேர்த்தாலும் புது லேப்டாப் விலைல ஒரு சின்னப் பங்குதான் வரும். பழைய டிஸ்க்ல இருக்கிற போட்டோ எல்லாம் முதல்ல காப்பி எடுத்துருங்க, இன்ஸ்டால் பண்றப்ப டிஸ்க்க மொத்தமா அழிக்கிற ஆப்ஷன்தான் எல்லாரும் அமுக்கறாங்க, அப்புறம் கல்யாண போட்டோ போச்சுன்னு வந்து நிக்கிறவங்களப் பாக்க சங்கடமா இருக்கும்.

அப்புறம் யூடியூப். லினக்ஸ் போட்டும் வீடியோ திக்கித் திக்கி ஓடுதுன்னு சொல்வாங்க. காரணம் என்னன்னா யூடியூப் இப்ப அனுப்பறது விபி9, ஏவி1 ஃபார்மேட்ல, 2011 மெஷினோட கிராபிக்ஸ் சிப்புக்கு அது ரெண்டும் தெரியாது, மொத்த வேலையும் பிராசஸர் தலைல விழுது. பழைய ஃபார்மேட்டான எச்.264 மட்டும் அனுப்புன்னு கேக்கிற ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் பிரவுசர்ல போட்டு 480ல வச்சுட்டா பாடம் பாக்கிற பிள்ளைக்குத் தாராளம்.

வைஃபை சில மெஷின்ல வராது, அந்த சிப்ப இயக்கற ஃபர்ம்வேர்ங்கிற சின்ன சாப்ட்வேர தனியா ஏத்தணும், அத ஏத்த நெட் வேணுமே நெட்டுக்கு எங்க போறதுன்னு திகைச்சுப் போவாங்க. மொபைல் போன யூஎஸ்பி கேபிள்ல மாட்டி டெதரிங் ஆன் பண்ணுங்க, லினக்ஸ் தானா எடுத்துக்கும், அதுல நெட்ட வாங்கி டிரைவர ஏத்திட்டு கேபிள கழட்டிடலாம். எந்த சைட்ட திறந்தாலும் பாதுகாப்பு இல்லன்னு சிவப்பா காட்டுச்சுன்னா நெட்ட சந்தேகப்படறதுக்கு முன்னாடி தேதியப் பாருங்க, போர்டுல இருக்கிற சின்ன பேட்டரி தீர்ந்து தேதி பல வருஷம் பின்னாடி போயிருக்கும், சைட்டோட சர்ட்டிபிகேட் தேதி ஒத்துப்போகாது. பேட்டரி பத்தி இன்னொண்ணு, இத கட்டாயம் போடுங்க: லேப்டாப் பேட்டரி உப்பி இருந்தா சார்ஜ் போடாதீங்க, குத்தாதீங்க, சர்வீஸ்ல குடுத்து கழட்டி எடுத்துட்டு சார்ஜர்லயே ஓட்டுங்க, குழந்தைங்க கையாள்ற மெஷின் அது.

எல்லாருக்கும் லினக்ஸ் சரிப்படும்னு நான் சொல்லல. டேலி போட்டு கணக்கு எழுதறவங்க, டெண்டருக்கு ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் குத்தறவங்க விண்டோஸ்லயே இருக்கிறது நல்லது. பிரிண்டரும் பாத்துக்கணும், சிலது மாட்டினவுடனே வேலை செய்யும், சில லேசர் பிரிண்டர் உயிர வாங்கிடும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் வேலைக்கு அப்ளிகேஷன் போடற பையனுக்கும் இந்தப் பிரச்சனை எதுவும் இல்ல. தமிழ் டைப்பிங் பத்திதான் நிறைய பேர் கேக்கறாங்க. 1999ல நம்ம அரசாங்கமே ஸ்டாண்டர்டுன்னு அறிவிச்ச தமிழ்99 கீபோர்டு லினக்ஸ்ல காசில்லாம கிடைக்குது, ஐபஸ்னு லினக்ஸ்ல இருக்கிற கீபோர்டு செட்டிங்ல சேர்த்துக்கிட்டா போதும், லிப்ரே ஆபீஸ்ல எங்க வேணா யூனிகோடுல அடிக்கலாம். பழைய எழுத்துருல அடிச்சு வச்ச ஃபைல் இருந்தா அந்த ஃபான்ட்ட காப்பி பண்ணிப் போட்டா படிக்கலாம்.

எனக்கு ரொம்ப நாளா இருக்கிற ஆதங்கம் வேற. அந்த லேப்டாப்புல பாஸ் லினக்ஸ் போட்டுத்தானே குடுத்தாங்க? அத யாரு சொல்லிக்குடுத்தா? கைல வாங்கின வாரமே கடைல குடுத்து பாஸ அழிச்சுட்டு விண்டோஸ் மட்டும் வச்சுக்கிட்ட பசங்கதான் அதிகம், பசங்கள குத்தம் சொல்ல முடியாது, வாத்தியாருக்கே தெரியாதத பசங்க எங்க போய்க் கத்துக்கும். பக்கத்துல கேரளாவப் பாருங்க. 2001ல ஐடி அட் ஸ்கூல்னு ஆரம்பிச்சாங்க, இப்ப அதுக்குப் பேரு கைட், உபுண்டுவ அடிப்படையா வச்சு பள்ளிக்கூடத்துக்குன்னே ஒரு சிஸ்டம் பண்ணி, முதல்ல வாத்தியாருங்களுக்கு ட்ரெயினிங் குடுத்து, பத்தாவது ஐடி பிராக்டிகல் பரீட்சைய லினக்ஸ்லதான் நடத்தறாங்க. பரீட்சை லினக்ஸ்லன்னு ஆன உடனே வீட்டுலயும் லினக்ஸ் வந்துருச்சு, பழைய மெஷினுக்கும் மதிப்பு வந்துருச்சு. நம்ம பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் புத்தகத்துலயும் உபுண்டு பத்திப் பாடம் இருக்கு, ஆனா எத்தனை பள்ளிக்கூட லேப்ல அத ஓட்டிக் காட்டறாங்க? பரண்ல கிடக்கிற மெஷினும் புத்தகத்துல இருக்கிற பாடமும் ஒரே வீட்டுல இருக்கு, ரெண்டையும் சேர்த்து வைக்க ஆள் இல்ல.

ஆள் இருக்காங்கன்னும் சொல்லணும். சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம்னு லினக்ஸ் பயனர் குழுக்கள் வருஷக்கணக்கா காசு வாங்காம இந்த வேலைய சொல்லிக்குடுத்துட்டு இருக்காங்க. அவங்களுக்கு வேண்டியது எடமும் கரண்டும் மட்டும்தான். கல்வித்துறைக்கு நான் வைக்கிற கோரிக்கை பெருசில்ல. மாவட்டத்துக்கு ஒரு அரசுப் பள்ளி, இல்ல மாவட்ட மைய நூலகம், மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை திறந்து விடணும், பழைய லேப்டாப்ப யார் வேணா தூக்கிட்டு வரலாம்னு அறிவிக்கணும், கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பிளஸ் ஒன் பசங்கள உக்கார வச்சு அவங்க கையாலேயே இன்ஸ்டால் பண்ண வைக்கணும். அப்படி ஒரு மெஷின கழட்டி மாட்டி சிஸ்டம் ஏத்தின பையனுக்கு பூட்டுன்னா என்ன, பார்ட்டிஷன்னா என்ன, டிரைவர்னா என்னன்னு தனியா பாடம் எடுக்க வேண்டியதில்ல. இலவச லேப்டாப்புங்க எல்லாம் குறிப்பிட்ட சில மாடல்களுக்குள்ளதான் வரும், அதனால அத வாங்கிக் குடுத்த அரசு நிறுவனம் எல்காட்டே அந்தந்த மாடலுக்கு டிரைவர், தமிழ் கீபோர்டு எல்லாம் சேர்த்து பென் டிரைவ்ல ஏத்தி அப்படியே இன்ஸ்டால் பண்ற மாதிரி ரெடியா ஒரு ஐஎஸ்ஓ ஃபைல் பண்ணி வெளியிட்டா பாதி வேலை முடிஞ்சுரும்.

உங்ககிட்ட கேக்கறது, வாரம் ஒரு நாள் மாணவர் பக்கத்துல கால் பக்கம் இதுக்கு ஒதுக்குங்க, எந்த மாடலுக்கு எது ஓடுதுன்னு வாசகர்களே எழுதட்டும். எங்க ஊர் நூலகத்துல எடம் குடுத்தா முதல் ஞாயித்துக்கிழமைக்கு பென் டிரைவும் ஸ்க்ரூ டிரைவர் செட்டும் எடுத்துட்டு வர நான் தயாரா இருக்கேன், நூலகர் அவர்கள்கிட்டயும் இதையே மனுவா எழுதிக் குடுத்திருக்கேன்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்ற ஒரு வாசகர்,
தஞ்சாவூர் மாவட்டம்.