காலாண்டு விடுமுறைக்குப் பின் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களே,

ஆண்டவர் இயேசுவின் பெயரால் வாழ்த்துகள். பிற சமயங்களைச் சேர்ந்த நம் பள்ளிக் குடும்பத்தினர் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்களைக் கொடுத்துவிட்டோம். பிள்ளைகள் பொதுவாக நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். குறுவட்டப் போட்டிகளில் நம் அணிகள் சிறப்பாக ஆடின. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவில் நம் சாரணர்கள் கூட்டத்தை ஒழுங்குபடுத்தியதையும் தண்ணீர் கொடுத்ததையும் பலர் என்னிடம் சொல்லி மகிழ்ந்தார்கள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமும் நல்லபடியாக முடிந்தது. எல்லாருக்கும் பாராட்டுகள்.

அக்டோபர் ஜெபமாலை மாதம். தினமும் மாலை பள்ளி முடிந்ததும் மாதா கெபியில் (குகை போன்ற சிற்றாலயத்தில்) ஒவ்வொரு வகுப்பாக ஜெபமாலையை நடத்துகிறார்கள். விருப்பமுள்ள பெற்றோரும் வந்து கலந்துகொள்ளலாம். மாதக் கடைசிக்கு முந்தின ஞாயிறன்று மறைபரப்பு ஞாயிறு காணிக்கை, நவம்பர் 2 கல்லறைத் திருநாள், நவம்பர் 14 குழந்தைகள் தினம், அப்புறம் அரையாண்டுத் தேர்வும் கிறிஸ்துமஸ் விழாவும் வரும். குடில் போட்டி இந்த ஆண்டும் உண்டு. விழாவை ஒட்டி முதியோர் இல்லத்துக்குப் போர்வைகள் திரட்டுகிறோம். முடிந்தவர்கள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள்.

இனி, இந்தக் கடிதத்தில் நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்: பிள்ளைகள் பைக்கிலும் ஸ்கூட்டரிலும் பள்ளிக்கு வருவது.

பள்ளி வளாகத்துக்குள் மாணவர்களின் வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் வண்டியைப் பின்தெருவில் யார் வீட்டு முன்னாலோ நிறுத்திவிட்டு, நல்ல பிள்ளையாக நடந்து உள்ளே வருகிறார்கள். மாலையில் ஒரே வண்டியில் மூன்று பேர் போகிறார்கள். தலைக்கவசம் யாரிடமும் இல்லை. விடுமுறைக்கு முன் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் உப்பு லாரிக்கு வழிவிட ஒதுங்கியபோது மணலில் சறுக்கி விழுந்தான். வலது கை எலும்பு முறிந்து, காலாண்டுத் தேர்வை எழுத முடியாமல் போனது. லாரி ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டதால்தான் அவன் இன்று நம்மோடு இருக்கிறான்.

வண்டி கொடுக்கிற வீடுகளின் நிலைமை எனக்குத் தெரியும். அப்பா அதிகாலையிலேயே படகேறிவிடுகிறார். அம்மா விடியும் முன்னே உப்பளத்துக்குப் போகிறார். காலை டியூஷன் முடித்து பள்ளிக்கு வர நேரம் போதவில்லை. பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. தங்கையையும் மகன்தான் கூட்டி வர வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் பார்த்துத்தான் சாவியைக் கொடுக்கிறீர்கள். உங்கள் அக்கறையை நான் சந்தேகிக்கவே இல்லை.

ஆனாலும் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோதான் பொறுப்பு. 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுகள் வரை சிறையும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளை 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் பெற முடியாது. நாளைக்குத் துறைமுகத்திலோ தனியார் நிறுவனத்திலோ வேலைக்குப் போகும்போது உரிமம் எவ்வளவு தேவைப்படும் என்று யோசித்துப் பாருங்கள். “16 வயதாகிவிட்டதே, கியர் இல்லாத வண்டிதானே” என்று சிலர் கேட்கிறார்கள். அந்தச் சலுகை 50 சிசி வரையுள்ள வண்டிக்குத்தான். நம் தெருவில் நிற்கும் ஸ்கூட்டர்கள் எல்லாம் 100 சிசிக்கு மேல். உரிமம் இல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டுத் தொகையை உங்களிடமே திருப்பி வசூலிக்கவும் வழியுண்டு.

ஆகவே வரும் திங்கட்கிழமையிலிருந்து ஆசிரியர்கள் காலையிலும் மாலையிலும் பின்தெரு முனையில் நிற்பார்கள். வண்டியில் வரும் மாணவரின் சாவி அலுவலகத்துக்கு வந்துவிடும். பெற்றோர் நேரில் வந்தால் மட்டுமே திருப்பித் தருவோம். அண்ணனோ சித்தப்பாவோ வந்தால் கிடைக்காது. இரண்டாம் முறை பிடிபட்டால் போக்குவரத்துக் காவல்துறைக்கு நானே தகவல் கொடுப்பேன். நன்றாகப் படிக்கிற பிள்ளை, விளையாட்டில் பரிசு வாங்கிய பிள்ளை, பங்குக் கோயில் பேரவை உறுப்பினரின் பிள்ளை என்று யாருக்கும் விலக்கு இல்லை. தயவுசெய்து யாரும் சிபாரிசுக்கு வர வேண்டாம்.

மழையும் தொடங்கப்போகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தைச் சொல்லவே வேண்டாம், சாதாரண மழைக்கே நம் தெருக்களில் தண்ணீர் நின்று பள்ளம் எது, சாலை எது என்று தெரியாமல் போகிறது. அதற்கு முன்னால் இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்பதே என் கவலை.

தடுப்பதோடு நிற்க மாட்டோம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த மிதிவண்டிகளில் பல வீட்டில் சும்மா நிற்கின்றன. பஞ்சர் ஒட்டி, காற்றடித்து எடுத்து வரச் சொல்லுங்கள். வளாகத்தில் மிதிவண்டி நிறுத்தக் கூரை போட்ட இடம் ஒதுக்கியிருக்கிறோம். இலவச பஸ் பாஸ் இன்னும் வாங்காதவர்கள் இந்த வாரமே அலுவலகத்தில் புகைப்படம் கொடுங்கள். காலை நேரத்தில் கூடுதல் பேருந்து கேட்டு, பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பெயரில் போக்குவரத்துக் கழகத்துக்கு மனு கொடுக்க இருக்கிறோம். கையெழுத்துப் போட வாருங்கள். டியூஷனிலிருந்து நேராக வரும் பிள்ளைகள் பத்து நிமிடம் தாமதமானால், நவம்பர் வரை வாயிலில் நிறுத்த மாட்டோம். எந்த வழியும் சரிப்படாத வீடு இருந்தால் என்னை வந்து பாருங்கள், பேசி ஒரு ஏற்பாடு செய்வோம்.

இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே, தாங்களாகவே சாவியை வாங்கி வைத்துவிட்ட பெற்றோர் சிலர் இருக்கிறார்கள். மகனின் கோபத்தையும் பொறுத்துக்கொண்ட அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. பின்தெருக்காரர்கள் இவ்வளவு நாள் பொறுமையாக இருந்ததற்கும் நன்றி. விடியும் முன்னே எழுந்து உழைத்து, அதற்கு நடுவிலும் பிள்ளைகளைத் தவறாமல் பள்ளிக்கு அனுப்பும் உங்கள் ஒவ்வொருவர்மீதும் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

கீழே உள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இறை ஆசீர் வேண்டி,
தலைமையாசிரியர்