ஹெல்பர் வேறு, பழகுநர் வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

வெல்டர், ஃபிட்டர், எலக்ட்ரீசியன் என்று எந்த வேலைக்கும் ஆள் கிடைப்பதில்லை என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கை அழுக்காகும் வேலைக்கு இளைஞர்கள் வர மறுக்கிறார்களாம். முப்பது வருடத்துக்கு மேல் வெல்டிங் ஹோல்டர் பிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது பாதி உண்மைதான். வருகிற பையன்களை நாங்கள் எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதில் மீதி இருக்கிறது.

'ஆள் தேவை' விளம்பரங்களைப் பாருங்கள். மூன்று வருட அனுபவம் கட்டாயம் என்றிருக்கும். அந்த மூன்று வருடத்தை யார் கொடுப்பது? பழகுநரால், அதாவது பட்டறையிலேயே தொழில் கற்க வருகிறவனால், முதல் வருடம் முதலாளிக்குச் செலவுதான். உருக்கி ஒட்டவைக்கிற வெல்டிங் ராடும் தகடும் வீணாகும், கூட நிற்கிற மூத்த ஆளின் நேரமும் போகும். கை தேறினதும் பக்கத்துப் பட்டறைக்காரர் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து இழுத்துக்கொள்வார். அதனால் அவர் பழக்கட்டும், நாம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆளாளுக்குக் காத்திருக்கிறார்கள். இதே சிக்கலுக்காகத்தான் பிரிட்டனில் 2017-இல் பெரிய நிறுவனங்களின் சம்பளச் செலவில் 0.5 சதவீதத்தைப் பழகுநர் பயிற்சிக்கென்று தனி வரியாகவே வாங்க ஆரம்பித்தார்கள்.

வகுப்பறையிலேயே எல்லாம் கற்றுக்கொள்ளலாமே என்பார்கள். ஆர்க் வெல்டிங்கில் முதல் பாடமே ராடைத் தகட்டில் உரசிப் பற்றவைப்பது. தீக்குச்சி கிழிக்கிற மாதிரி இலேசாக இழுத்து, உடனே ஒரு மயிரிழை தூக்க வேண்டும். புதுப் பையன் பயத்தில் அழுத்துவான், ராடு ஒட்டிக்கொள்ளும். பதறி இழுப்பான், வளைந்துவிடும். இரண்டு மூன்று நாள் இதே கூத்து. அப்புறம் ஆர்க், அதாவது ராடு நுனிக்கும் தகட்டுக்கும் நடுவே எரியும் மின்பொறி, அணையாமல் நிற்கும், ஆனால் கண் வெளிச்சத்தையே பார்க்கும். பார்க்க வேண்டியது அதன் பின்னால் உருகித் தேங்கி வரும் உலோகத்தை. காதும் வேண்டும். எண்ணெயில் பொரிகிற மாதிரி சீராகச் சத்தம் வந்தால் சரி. விட்டு விட்டு வெடித்தால் ராடு தள்ளிப் போய்விட்டது என்று அர்த்தம். 'இப்போ தூக்கு, இப்போ மெதுவா' என்று சொல்லப் பக்கத்தில் ஒருவர் நிற்காமல் இது வராது.

ஜெர்மனியில் பழகுநர் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளிக்குப் போவார், மற்ற நாள் பட்டறையில். பெரும்பாலான தொழில்களில் மூன்று, மூன்றரை வருடம். ஊதியம் உண்டு, முடிவில் தேர்வும் உண்டு. கற்றுக் கொடுப்பவருக்கே தகுதி பார்க்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

அப்படிப் பார்த்திருந்தால் நானே தேறியிருக்க மாட்டேன். என்னிடம் ஒரு பையன் இரண்டு வருடம் இருந்தான். கேபிள் இழுப்பான், ராடு எடுத்துக் கொடுப்பான், பற்றின இடத்தின் மேல் படியும் ஸ்லாக் என்கிற கசடைத் தட்டுவான். எல்லாம் ஹெல்பர் வேலைதான். எப்போதும் ஏதாவது அவசர வேலை இருக்கும். அடுத்த வாரம் ஹோல்டர் தருகிறேன் என்றே ஓட்டிவிட்டேன். ஒரு நாள் நான் வெளியே போய்விட்டு வந்தபோது இரண்டு கழிவுத் துண்டுகளைப் பற்றவைத்து வைத்திருந்தான். வெல்டிங் வரி கோணல்தான். சுத்தியலால் ஓங்கி அடித்துப் பார்த்தேன், விடவில்லை. நான் கேட்டது, "யாரைக் கேட்டு ராடு எடுத்தே?" அடுத்த மாதமே டெலிவரி வேலைக்குப் போய்விட்டான்.

பழைய பாபிலோன் அரசன் ஹமுராபியின் சட்டத்தில் ஒரு விதி உண்டு, மூவாயிரத்து எழுநூறு வருடத்துக்கும் பழையது. தொழிலாளி ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்துத் தன் தொழிலைச் சொல்லிக்கொடுத்தால், பெற்றவர் அந்தப் பிள்ளையைத் திருப்பிக் கேட்க முடியாது. சொல்லிக்கொடுக்காவிட்டால் பிள்ளை பெற்றவர் வீட்டுக்கே போய்விடலாம். படித்தபோது அந்தப் பையன் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது முதலாளிகளோடு, பாதியில் விட்டுப் போனவர்களையும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வெல்டர் ஒருவர்