உங்கள் ஊர் யானையைப் பார்த்தேன், மங்களம்

சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள மங்களத்துக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? நீ போட்ட பொங்கல் வாழ்த்துக்கும் அதற்கு முந்தைய கடிதத்துக்கும் நான் பதில் எழுதவில்லை. திட்டுவதானால் இதைக் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டு. இன்று எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

உங்கள் ஊர் யானையைச் சீனத்தில் பார்த்தேன், மங்களம். திருவானைக்கா யானையைத்தான் சொல்கிறேன்.

போன வாரம் சுவான்சௌ என்ற ஊருக்கு நான்கு நாள் சுற்றுலா போயிருந்தோம். எங்கள் அடுக்குமாடியிலிருந்து பதினெட்டுப் பேர். சியாமென் வரை விமானம், அங்கிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரம். பக்கத்து வீட்டு லிம் அம்மாளின் தாத்தா அந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறி இங்கு வந்தவர். சாவதற்குள் ஒருமுறை அந்த மண்ணை மிதித்துவிட வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். துணைக்கு வா என்றாள், போனேன்.

கொடி பிடித்த வழிகாட்டிப் பெண் எங்களை ஓட ஓட விரட்டினாள். தேயிலைக் கடையில் இரண்டு மணி நேரம், கடல்சார் அருங்காட்சியகத்தில் நாற்பது நிமிடம்! நீ இருந்திருந்தால் விடுதியில் டிபன் கேரியர் விவகாரத்தில் போட்ட சண்டையை அங்கேயும் போட்டிருப்பாய். ஆனால் அந்தத் தேயிலைக் கடையில் ஒன்று கிடைத்தது. அவர்கள் பேச்சில் தேநீருக்குப் பெயர் 'தே'. லிம் அம்மாளும் வீட்டில் அப்படித்தான் சொல்வாள், நான் காதில் வாங்கியதே இல்லை. நம் தேயிலையில் இருக்கும் 'தே' அந்தக் கடற்கரையிலிருந்து கப்பலேறி வந்த சொல்.

அருங்காட்சியகத்துக்கு வருகிறேன். ஒரு கல் பலகை. நடுவில் லிங்கம், பக்கத்தில் யானை. துதிக்கையை உயர்த்திப் பூச் சாத்துகிறது. எத்தனை மார்கழிக் காலையில் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உன் பாட்டி சொல்லக் கேட்டிருப்போம், யானை காவிரித் தண்ணீரும் பூவும் கொண்டுவந்து பூசை செய்த கதையை. அதே யானை. எனக்குக் கை நடுங்கியது. கதையில் லிங்கத்துக்கு மேல் வலை பின்னும் சிலந்தி எங்கே என்று கல்லின் நான்கு மூலைகளிலும் தேடினேன், என் கண்ணுக்கு அகப்படவில்லை. அதற்குள் கொடி நகர்ந்துவிட்டது.

மறுநாள் கையுவான் கோயில். 686இல் தோன்றிய பௌத்தக் கோயில். அதற்கும் நம் தலபுராணம் போலவே ஒரு கதை இருக்கிறது. நிலம் கேட்ட துறவியிடம் நிலக்காரர், "என் முசுக்கட்டை மரத்தில் தாமரை பூக்கட்டும், தருகிறேன்" என்றாராம். பூத்துவிட்டதாம். அந்த மரம் இதுதான் என்று இன்றும் காட்டுகிறார்கள். எல்லோரும் முன்னால் நிற்கும் இரட்டைக் கல் கோபுரங்களைப் படமெடுத்துக்கொண்டிருக்க, நான் லிம் அம்மாளை இழுத்துக்கொண்டு பெரிய மண்டபத்தின் பின்பக்கம் போனேன். அங்கே பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டு நிற்கின்றன. ஒன்றில் வட்டத்துக்குள் குழந்தைக் கண்ணன், உரலை இழுத்துக்கொண்டு இரண்டு மரங்களுக்கு நடுவே. பிறகு நரசிம்மர், மடியில் இரணியன். முதலை பிடித்த கஜேந்திரனும் உண்டு. அவ்வளவும் உள்ளங்கை அகலத்தில்! மண்டபத்தின் முன்மேடையில் 70க்கும் மேற்பட்ட சிங்கப் பலகைகள். அந்த ஊரில் நம்மவர் கட்டி இடிந்துபோன கோயிலொன்றின் கற்களைப் பின்னால் வந்தவர்கள் திருப்பணி செய்தபோது இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். இன்னும் பல கற்கள் ஊர் மதிலுக்குள் போய், சென்ற நூற்றாண்டில் மதிலை இடித்தபோதுதான் வெளியே வந்தன.

கண்ணனின் வயிற்றுச் சதையை அந்தச் சிற்பி எப்படிச் செதுக்கியிருக்கிறான் என்று நீ பார்க்க வேண்டும். ஆனால் முகத்தின் சாயல் சீனம்தான். காவிரிக்கரைச் சிற்பியா, அல்லது நம் வணிகன் ஒருவன் பக்கத்தில் நின்று கதை சொல்லச் சொல்ல அந்த ஊர்க் கல்தச்சன் உளியைப் பிடித்தானா? நான்கு நாளாக எனக்கு இதே நினைப்பு. இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று என் மனம் சொல்கிறது. யாரோ ஒருவர் கடல் கடந்து போய், மொழி தெரியாத ஒருவனிடம் கையைக் காலை ஆட்டி, "இப்படி இழுத்தான், மரம் இப்படி விழுந்தது" என்று விளக்கியிருக்கிறார்.

அந்த ஊரில் 1956இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம், அதாவது கி.பி. 1281. அப்போது சீனத்தை ஆண்ட மங்கோலியப் பேரரசன் குப்லாய் கானின் உடல்நலத்துக்காகச் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவனை எழுந்தருளச் செய்திருக்கிறார். செகசை கான் என்று அரசன் பெயரைத் தமிழ்ப்படுத்தி, அவனுடைய பர்மான்படி, அதாவது ஆணைப்படி, என்றும் வெட்டியிருக்கிறார்கள். அப்போது நம் பக்கம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம். நாம் மூன்று வருடம் வரலாறு படித்தோமே, சாக்பீஸ் அம்மா ஒரு வார்த்தை சொன்னாளா? கல் இப்போது சியாமென் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நாங்கள் அந்த ஊரிலேயே இறங்கி ஏறியும் அங்கே கூட்டிப்போகவில்லை. இந்தக் கோபம் எனக்கு ஆறவே ஆறாது.

கடைசி நாள் மதியம் கடைவீதிக்கு என்று விட்டார்கள். நானும் லிம் அம்மாளும் டாக்ஸி பிடித்து செதியன் கிராமத்துக்குப் போய்விட்டோம். சின்னக் கோயில். உள்ளே நான்கு கைகளுடன் அமர்ந்த அம்மன், இரு பக்கமும் தோழியர். ஊரார் அவளைத் தங்கள் கருணைத் தெய்வமான குவான்யின் என்றே கும்பிடுகிறார்கள். ஒரு பாட்டி ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டதைப் பார்த்து லிம் அம்மாளிடம் ஏதோ கேட்டாள். "உன் தோழிக்கு இந்தச் சாமியைத் தெரியுமா என்கிறாள்" என்று இவள் சொன்னாள். தெரியும் என்று சொல்லச் சொன்னேன். பாட்டி தன் கையிலிருந்த வத்தியில் மூன்றைப் பிரித்து என்னிடம் கொடுத்தாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுன்பூ என்ற மீனவர் குப்பத்துக்குப் போனோம். அங்கே பெண்கள் கொண்டையைச் சுற்றி வளையம் வளையமாகப் பூ வைக்கிறார்கள், மல்லிகை மொக்குகள்கூட. எண்பது வயதுக் கிழவி சிப்பி உடைத்துக்கொண்டிருக்கிறாள், தலை நிறையப் பூ. எனக்கு உன் நினைவு வந்து அங்கேயே அழுதுவிட்டேன். உன் வீட்டுக்காரர் போனபோது நான் வரவில்லை. விசா, மகளின் பிரசவம் என்று காரணங்கள் இருந்தன. இருந்தாலும் வந்திருக்க வேண்டும். நீ இப்போது பூ வைப்பதில்லை, கோயிலுக்கும் போவதில்லை என்று ராஜி சொன்னாள். கோயில் மதிலை ஒட்டிக் குடியிருந்துகொண்டு ஒரு வருடமாக உள்ளே போகாமல் இருக்கிறாயாமே. எனக்கு அது பொறுக்கவில்லை.

ஐப்பசியில் பத்து நாள் வருகிறேன், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. உங்கள் வீட்டில்தான் தங்குவேன். யானைப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நான் வருவதற்குள் நீ கோயிலுக்குப் போய், நம் தூண்களில் யானை எந்தப் பக்கம் நிற்கிறது, சிலந்தியை எங்கே செதுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்து எழுது. முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லாதே, ராஜியின் கையைப் பிடித்துக்கொண்டு போ.

ராஜிக்கு ஒரு பொட்டலம் தேயிலை தனியாக வருகிறது. பால் ஊற்றிக் கொதிக்கவைத்துக் கெடுத்துவிட வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
சியாமளா